ஒரு முழம் வெற்றுக்கல்

சின்னத்தாங்கல் காலனி தேசப்பன் குழி வெட்டினால் ஒருத்தன் குறை சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் எழுபதுகளின் தொடக்கத்தில் ஒன்றிரண்டாக எழும்பிக்கொண்டிருந்த கம்பெனிகளில் மிஷின் உட்கார அஸ்திவாரம் தோண்டும் மேஸ்திரி அவன். என்ஜினியர் மூன்றடி என்று சொன்னால் நாலடியில் போய் நிற்பான். ஏன் என்று கேட்டால், மண்ணைத் தொட்டுப் பார்த்தவன் நான், காகிதம் தொட்டுப் பார்க்கவில்லை என்பான். என்ஜினியர்கள் முதலில் எரிந்து விழுவார்கள், மிஷின் ஆடாமல் ஓடியதும் விட்டுவிடுவார்கள். மேஸ்திரிக்கு ஆழப் பைத்தியம் என்று கூட இருந்த ஆட்கள் கவரைப்பேட்டையில் ரயில் ஏறும்போதெல்லாம் கேலி செய்வார்கள். தேசப்பன் சிரிக்கமாட்டான். அந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று அவன் பெண்சாதி செண்பகத்துக்கு மட்டும்தான் தெரியும்.

1959-இல் காலனியிலிருந்து இரண்டு பேர் பட்டாளத்துக்குப் போனார்கள். ஒருவன் தேசப்பன், இன்னொருவன் எதிர் வீட்டு சாலமோன். இரண்டு பேரும் அதுவரை ஊர்ப் பண்ணைக்காரரான துளசிராமனின் அப்பா நிலத்தில் நெல் மூட்டை தூக்கியவர்கள். களத்தில் குனிந்த முதுகு நிமிர வேண்டுமென்றால் ரயில் ஏறினால்தான் உண்டு என்று சாலமோன்தான் முதலில் சொன்னான். மதராஸில் ஆள் எடுத்தார்கள், இவர்களை எடுத்துக்கொண்டார்கள். துப்பாக்கி தருவார்கள் என்று நினைத்துப் போனவர்களுக்கு மண்வெட்டியும் கடப்பாரையும் தந்தார்கள். பயனியர் கம்பெனி. சண்டை போடுகிறவனுக்கு முன்னால் போய் ரோடு போடுவதும், அவனுக்குப் பின்னால் மூட்டை சுமப்பதும் அவர்கள் வேலை.

சாலமோனுக்கு எதிலும் ஒரு சிரிப்பு உண்டு. "ஊர்ல நெல்லு மூட்டை தூக்கினோம், இங்க அரிசி மூட்டை தூக்கறோம். பிரமோஷன்டா மாமே" என்பான். சீன எல்லையில் நேஃபா மலையில், மூச்சு வாங்கும் உயரத்தில், கழுதை கூட ஏற மறுத்த பாதையில் அவன் இதைச் சொல்லியிருக்கிறான்.

சீனச் சண்டையில், 1962 நவம்பரில், பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. நான்கு நாள் நடை. காலில் குண்டு பாய்ந்த ஒரு வடக்கத்திச் சிப்பாயை சாலமோன் முதுகில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் நடந்தான். அந்தச் சிப்பாய் பிழைத்துக்கொண்டான். சாலமோனுக்கு மார்பில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் விடியும்போது அவன் இல்லை.

தேசப்பன் கடப்பாரையை எடுத்தான். பனி இறுகிய மண் இரும்பாக இருந்தது. குத்தினால் பொறி பறந்ததே தவிர மண் பெயரவில்லை. பின்னாலிருந்து நடக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார்கள். உள்ளங்கை இரண்டும் உரிந்து போக அவனால் தோண்ட முடிந்தது ஒன்றரை அடி. அதில் சாலமோனைக் கிடத்தி, மண் பற்றாமல் கல்லை அள்ளி வைத்து மூடிவிட்டு வந்தான்.

விடுப்பில் ஊர் வந்தபோது சாலமோன் பெண்சாதி கிரேஸ் அழவில்லை. அழுகையெல்லாம் தந்தி வந்த அன்றே தீர்ந்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஆழமா வெட்டினியாண்ணா?"

"வெட்டினேன்" என்றான்.

அந்த ஒரு சொல் அவனை விடவில்லை. பட்டாளத்தை விட்டு வந்த பிறகு வெட்டிய ஒவ்வொரு குழியிலும் அவன் அந்தப் பொய்யைத்தான் சரி செய்யப் பார்த்தான். சரியாகவில்லை. அடுத்த குழியை இன்னும் ஒரு சாண் ஆழமாக வெட்டினான்.

1972-இல் சுதந்திரத்துக்கு இருபத்தைந்து வயது. அங்கங்கே தூண் நடுகிறார்கள், நம்மூரிலும் நடுவோம் என்று சின்னத்தாங்கல் பஞ்சாயத்து கிளம்பியது. அதற்கு முந்தின வருஷம்தான் வங்காளப் பக்கம் சண்டை முடிந்திருந்தது. ஆகவே, பட்டாளத்தில் இருந்த உள்ளூர்க்காரர்கள் பெயரையெல்லாம் கல்லில் வெட்டி பஸ் ஸ்டாப்பில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. பஞ்சாயத்துத் தலைவர் அதே துளசிராமன். அப்பாவுக்குப் பிறகு நிலமும் அரிசி மில்லும் தலைவர் நாற்காலியும் அவர் கைக்கு வந்திருந்தன.

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். ஒன்பது பெயர். அதில் இரண்டு பேர் குண்டடி பட்டு உயிரை விட்டவர்கள். அவர்கள் பெயருக்கு முன்னால் தேசப்பன் தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றான். நான்கு பேர் இன்னும் எல்லையில் இருந்தார்கள். அதுவும் சரி. ஏழாவது பெயரில் அவன் கண் நின்றது. ரங்கசாமி. தலைவரின் மச்சான். ஜெர்மன் சண்டைக் காலத்தில் ஆவடி டிப்போவில் ஸ்டோர் பார்த்தவர், கம்பளி எண்ணி அடுக்கியவர். பட்டியலுக்கு எதிரே இருந்த டீக்கடையில்தான் அந்த நேரத்தில் பன் தின்றுகொண்டிருந்தார். தேசப்பன் ஒன்பது பெயரையும் மூன்று முறை படித்தான். காலனிப் பெயர் ஒன்றுகூட இல்லை.

தன் பெயர் இல்லாதது அவனை உறுத்தவில்லை. சாலமோன் பெயர் இல்லாததுதான் உறுத்தியது.

அன்று மாலையே தலைவரைப் போய்ப் பார்த்தான். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் என்பதால் அவன் ஐயா என்று அழைப்பதை விட்டு சார் என்று அழைக்க ஆரம்பித்திருந்தான். தலைவருக்கு அந்த 'சார்' ஒவ்வொரு முறையும் செருப்பில் மாட்டிய முள்ளாகக் குத்தும். சாலமோன் சண்டையில் சாகவில்லை, காய்ச்சலில் செத்தான், மூட்டை தூக்கினவன் பெயரையெல்லாம் போட்டால் கல் போதாது என்று அவர் விளக்கினார். அப்படியானால் கம்பளி எண்ணினவர் பெயர் எப்படி வந்தது என்று இவன் கேட்டான். தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தேசப்பன் பக்கம் ஆள் கை இருந்தது. கல் பத்தடிக் கருங்கல். அதைத் தூக்கி நிறுத்த வேண்டுமானால் முப்பது பேர் கயிறு பிடிக்க வேண்டும். அந்த முப்பது பேரும் காலனியில்தான் இருந்தார்கள். திருவிழாத் தேருக்கு வடம் பிடிக்க அந்தக் கைகளை விடமாட்டார்கள். தேர் காலனிப் பக்கம் திரும்பவும் திரும்பாது. ஆனால் ஊருக்குக் கல் தூக்க வேண்டுமென்றால் முதல் நாள் வெட்டியானை அனுப்பிச் சொல்லிவிட்டால் போதும், வந்து நிற்க வேண்டும். இந்த முறை வெட்டியான் வந்து சொன்னான். ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று தேசப்பன் சொல்லி அனுப்பினான். சாலமோன் பெயர் இல்லாத கல்லைக் காலனிக் கை தொடாது.

ஆகஸ்டு பதினைந்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. திறந்து வைக்கப் பெரிய அதிகாரி வருவதாக நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. தலைவர் ஆளனுப்பித் தேசப்பனைக் கூப்பிட்டார். இந்த முறை பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"டேய் தேசப்பா, செத்தவனுக்கு இன்னாத்துக்குடா பேரு. நீ உசுரோட கீற. உன் பேரைப் போட்டுடறேன். கயித்தப் புடி."

தேசப்பன் உட்காரவில்லை. "என் பேரு வாணாம் சார். சாலமோன் பேரு போடுங்க. இல்லன்னா கல்லு படுத்துனே கெடக்கட்டும்."

தலைவர் இறங்கி வந்தார். போடுகிறேன், ஆனால் மேலே இடமில்லை என்றார். மேலே தலைப்பு, அதற்குக் கீழே ஒன்பது பெயர், அதற்கும் கீழே உபயம் செய்தவர்கள் பெயர், திறந்து வைப்பவர் பெயர், கடைசியில் தலைவர் பெயர். அதற்கெல்லாம் கீழே வேண்டுமானால் ஒரு வரி வெட்டச் சொல்கிறேன், சம்மதமா என்றார்.

தேசப்பன் சம்மதித்தான். பெயர் வந்தால் சரி என்று அந்த நேரத்தில் தோன்றியது.

கிரேஸ் கவரைப்பேட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்தவள், இப்போது அங்கேயே ஆயா. அவளிடம் நல்ல செய்தி சொல்வதுபோல் வந்து சொன்னான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"உபயம் குடுத்தவன் பேருக்கும் கீழயா? செருப்பு வுடற எடத்துல போடறேன்றான், நீயும் தலைய ஆட்டிகினு வந்துட்ட. வாணாம்னு சொல்லிட்டு வந்திருக்கணும்ணா."

அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. முப்பது பேரை மறித்து வைத்து இந்த ஒரு வரியை வாங்கியிருக்கிறேன், இவள் என்னமோ பேசுகிறாளே என்று செண்பகத்திடம் பொரிந்து தள்ளினான். செண்பகம் அடுப்பை ஊதிக்கொண்டே, அவள் சொல்வதுதான் சரி என்றாள்.

குழி வெட்டும் பொறுப்பு அவனுடையதுதான். பதிமூன்றாம் தேதி கடப்பாரையோடு போனான். கல் வெட்டிய தணிகாசலமும் இடம் பார்க்க வந்திருந்தான். கவரைப்பேட்டை ரோட்டில் கல்பட்டறை வைத்திருந்தவன், சாதுவான மனிதன். அடியில் இரண்டடி எழுத்தில்லாமல் விட்டிருக்கிறேன், இரண்டடிக் குழி போதும் என்று சொன்னான். தேசப்பன் ஏரிக்கரைக் களிமண்ணை ஒரு பிடி அள்ளி அவன் முகத்துக்கு நேரே பிசைந்து காட்டினான்.

"இந்த மண்ணு மழைக்கு ஊதும், வெயிலுக்குப் பொளக்கும். ரெண்டடியில தூணு நிக்குமா? உளி புடிக்கிறவன் உளியைப் புடி. குழி எனக்குத் தெரியும்."

எழுத்தில்லாத இரண்டடி என்ற பேச்சு அவன் காதில் ஏறவே இல்லை. மூன்றரை அடி வெட்டினான். சாலமோன் பெயர் நிற்கப் போகிற கல். அது சாய்ந்தது என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது.

பதினான்காம் தேதி மாட்டு வண்டியில் கல் வந்து இறங்கியது. எழுத்து உடையாமலிருக்க அடிமுதல் நுனிவரை வைக்கோல் பரப்பி, மேலே சாக்குச் சுற்றித் தைத்திருந்தார்கள். சாமி சிலைக்குக் கண் திறக்கிறவரை முகம் மூடி வைப்பதுபோல், திறப்பு விழாவுக்கு முன்னால் யாரும் பிரிக்கக் கூடாது என்று தலைவர் உத்தரவு. காலனி ஆட்கள் முப்பது பேர் கயிறு பிடித்தார்கள். கல் சாக்கோடு எழுந்து சாக்கோடு குழிக்குள் இறங்கியது. அடியில் இரண்டடிக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்தான் தேசப்பன். அதற்கு மேல் மண்ணைக் கொட்டி, கால் வலிக்கிறவரை தானே மிதித்து இறுக்கினான். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தான். கல் நேராக நின்றது. அன்று அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம்.

மறுநாள் கொடி ஏற்றினார்கள். அதிகாரி கத்தரிக்கோலால் தையலைப் பிரிக்க, சாக்கும் வைக்கோலும் கீழே விழுந்தன. சர்ச்சுக்கு உடுத்தும் வெள்ளைப் புடவையில் கிரேஸ் காலனிக்காரர்களோடு ஓரத்தில் நின்றிருந்தாள். மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். தலைப்பு. ஒன்பது பெயர். உபயம். திறந்து வைத்தவர். தலைவர் துளசிராமன். அதற்குக் கீழே மண்.

அவள் தேசப்பனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டோரமாக நடந்து வீட்டுக்குப் போனாள்.

கூட்டம் மிட்டாய்க்கு நெருக்கியடித்துக்கொண்டிருந்த நேரத்தில் தேசப்பன் கவரைப்பேட்டைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். பட்டறையில் தணிகாசலத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். ஏன் வெட்டவில்லை என்று கேட்டான். தணிகாசலம், வெட்டினேன், கர்த்தர் மேல் ஆணை, சாமி மேல் ஆணை, எந்தச் சாமி வேண்டுமோ சொல்லு, அது மேல் ஆணை என்றான்.

"அடியில கீதுய்யா. தலைவர் பேருக்குக் கீழ ஒரு முழம் தள்ளி. ஒட்டிப் போடாத, ஒரு முழம் எடம் வுட்டுப் போடுன்னு அவரே குச்சியால கோடு கிழிச்சுக் காட்டினாரு. அதான் ரெண்டடி போதும்னு சொன்னேன். நீ கேட்டியா?"

தேசப்பன் கை சட்டையிலிருந்து தானாக நழுவியது. மூன்றரையில் இரண்டு போனால் ஒன்றரை. கணக்குப் போடப் படிப்பு தேவைப்படவில்லை. சாலமோனை ஒன்றரை அடி மண்ணுக்குள் அவனே இரண்டாம் முறை இறக்கியிருந்தான். போதாததற்கு மேலே ஏறி மிதித்தும் இருந்தான்.

பஞ்சாயத்து ஆபீஸில் அவன் போய் நின்றபோது தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நாங்கள் சொன்ன சொல் காப்பாற்றினோம், பெயர் கல்லில் இருக்கிறது, புதைத்தவன் நீ, இதற்குப் பஞ்சாயத்து என்ன செய்யும் என்றார். கல்லைத் தூக்கி ஒன்றரை அடி மேலே நிறுத்தலாம், காலனி ஆட்கள் சும்மாவே செய்து தருவார்கள் என்று இவன் சொல்லிப் பார்த்தான். அதிகாரி கை வைத்துத் திறந்த கல்லை ஆட்டக் கூடாது என்று பதில் வந்தது. டீக்கடையில் ரங்கசாமி, பட்டாளத்துக்காரன் வேலை சுத்தமாகத்தான் இருக்கும், புதைத்தால் புதைத்ததுதான் என்று சொல்ல, பெஞ்சில் இருந்தவர்கள் டீ சிந்தச் சிரித்தார்கள்.

நாலு நாள் தேசப்பன் சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்குப் போனான், வந்தான். முதல் இரண்டு நாள் கோபம் முழுக்கத் தன் மேலேயே இருந்தது. தணிகாசலம் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கிரேஸ் சொன்னதைக் கேட்டிருக்கலாம். மூன்றாம் நாள் ரயிலில் நின்றுகொண்டு வரும்போதுதான் அது வேறு பக்கம் திரும்பியது. அந்த ஒரு முழம் எதற்கு? தலைவர் பெயரை ஒட்டியே வெட்டியிருந்தால் மூன்றரை அடிக் குழியிலும் பெயர் மண்ணை ஒட்டியாவது மேலே நின்றிருக்கும். தெருவில் தள்ளி நிற்கச் சொன்னவர்கள், கிணற்றில் தள்ளி நிற்கச் சொன்னவர்கள், செத்துப் பத்து வருஷம் ஆனவன் பெயரையும் கல்லில் தள்ளி நிற்க வைத்திருக்கிறார்கள். குழி ஆழம்தான் அவன் தப்பு. அந்த முழம் அவன் தப்பில்லை.

வீட்டுக்கு வந்ததும் செண்பகத்திடம், ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது என்றான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. மூலையிலிருந்த கடப்பாரையை எடுத்து வாசலில் சாய்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பஸ் ஸ்டாப் நிறைய ஆள். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் அந்த நேரம். தேசப்பன் பட்டாளத்துக் காக்கி அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு தூணுக்கு முன்னால் கயிறு கட்டி, சதுரம் போட்டு, வெட்ட ஆரம்பித்தான். கூட்டம் கூடியது. தூண் விழப் போகிறது என்று யாரோ சொல்ல, கூட்டம் பின்வாங்கியது. அரை மணி நேரத்தில் தலைவர் வந்தார், கூடவே ஒரு கான்ஸ்டபிளும். அரசாங்கச் சொத்தை இடிக்கிறான், பிடித்துப் போடுங்கள் என்றார் தலைவர்.

தேசப்பன் நிமிரவில்லை. வெட்டிக்கொண்டே பேசினான்.

"கல்ல நான் தொடல சார். மண்ணதான் எடுக்கறேன். முன்னாடி மட்டும். அடியில ரெண்டடி ஜல்லி அப்டியே கீது, மூணு பக்கமும் மண்ணு கீது. உழாது. உழுந்தா என் மேலதான் உழும், நான்தானே கீழ கீறேன்."

"எவன்டா உன்னத் தோண்டச் சொன்னது?"

"மூடினவன் நான்தான்னு நீங்கதானே சிரிச்சீங்க. மூடினவன் தொறக்கறான். அத்தக் கேக்க உங்களுக்கு இன்னா கீது?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. இந்த முறை அது வேறு பக்கமாகப் போயிற்று. கான்ஸ்டபிள் குனிந்து குழியைப் பார்த்தான், தூணைப் பார்த்தான், வேலை சுத்தமாக இருப்பதைப் பார்த்தான். ரோட்டோர மண்ணைத் தோண்டுவதற்குக் கேஸ் எழுத வேண்டுமானால் யாராவது புகார் எழுதிக் கையெழுத்துப் போடட்டும் என்றான். ஒருவன் பெயரைக் கல்லில் போட்டுவிட்டு அதை யாரும் பார்க்கக் கூடாது என்று எப்படி எழுதுவது என்று தலைவருக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

கிரேஸ் ஆராதனை முடிந்து கையில் பைபிளோடு வந்தபோது குழி முழங்காலுக்கு மேல் இறங்கியிருந்தது. கூட்டம் அவளுக்கு வழி விட்டது. தேசப்பன் கத்தியால் சாக்கைக் கிழித்தான். ஊறிப்போன வைக்கோல் கொத்துக் கொத்தாக வந்தது. ஈரத் துணியால் துடைத்தான். முதலில் வெறும் கல் வந்தது. ஒரு முழத்துக்கு ஒன்றுமே இல்லாத, வழவழவென்று இழைத்த கல். அதற்குக் கீழே, மொச்சைக் கொட்டை அளவு எழுத்தில் ஒரு வரி.

சாலமோன். ராணுவம். 1962.

கிரேஸ் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். இரண்டு பேர் நிற்க இடமில்லை. தேசப்பன் மண் சுவரோடு ஒட்டிக்கொண்டான். எழுத்தைப் படிக்க அவள் குந்தி உட்கார வேண்டியிருந்தது. விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவினாள். கோபம் அவள் முகத்தைவிட்டு இறங்கவே இல்லை.

பத்து வருஷமாகச் சொல்லாததை அவன் அப்போதுதான் சொன்னான். மேலே நின்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்.

"அங்கயும் இவ்ளோதான் வெட்ட முடிஞ்சுது கிரேசு. ஒன்றரை அடி. நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

கிரேஸின் விரல் எழுத்தில் நின்றது. அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். மேலே ரோட்டில் ஒரு பஸ் வந்து நின்று, ஆள் இறங்கி ஏறி, மணி அடித்துப் போயிற்று. பிறகு எழுந்து நின்று, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"அத்த மூடிட்டு வந்துட்ட. இத்த மூடாத. யாரு சொன்னாலும் மூடாத."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேசப்பன் குழியின் மூன்று பக்கமும் செங்கல் வைத்துக் கட்டினான். இறங்க இரண்டு படி வைத்தான். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குழி நிரம்பிப் பெயர் தண்ணீருக்குள் போனது. வேலைவிட்டு ரயிலைவிட்டு இறங்கி வருகிற வழியில் பக்கெட்டால் இறைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். ராத்திரி பெய்து மறுபடி நிரம்பியிருக்கும். மறுநாள் மறுபடி இறைப்பான். ஒரு தடவை யாரோ லாரி மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மூடியிருந்தார்கள். அன்று காலனியிலிருந்து முப்பது பேரும் கூடையோடு வந்துவிட்டார்கள், அவன் கூப்பிடாமலே. அதற்குப் பிறகு யாரும் மூடவில்லை. குழிக்காரன் என்று ஊரில் அவனுக்குப் பெயர் வைத்தார்கள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் கோபம் குறைந்தது என்று செண்பகம் ஒரு நாளும் சொன்னதில்லை. இறைக்கும்போதெல்லாம் தலைவரையும் அந்த ஒரு முழத்தையும் வைதுகொண்டேதான் இறைப்பான் என்பாள்.

அடுத்த வருஷம் ஆகஸ்டு பதினைந்து. அதிகாலையில் ஒரு பெரிய மழை அடித்து ஓய்ந்திருந்தது. கொடியேற்ற வேறொரு அதிகாரி வந்தார், இந்தப் பக்கத்துக்குப் புதியவர். ஜீப்பிலிருந்து இறங்கியபோது தூணடியில் ஒரு மனிதன் காக்கிச் சட்டையோடு முழங்கால் சேற்றில் நின்று பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரை வெளியே வீசிக்கொண்டிருந்தான். ஒரு வீச்சு தலைவரின் வெள்ளை வேட்டிக் கரை வரைக்கும் வந்தது. யாரிவன், வெளியே வரச் சொல்லுங்கள் என்றார்கள். இன்னும் நாலு பக்கெட் இருக்கிறது என்றான் தேசப்பன். அதற்குள் கொடி ஏறிவிட்டது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அவன் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் குழிக்குள்ளேயே விறைத்து நின்றான். பாட்டு முடிகிறவரை அசையவில்லை.

அதிகாரி தூணுக்கு மாலை போட வந்தார். மேலே இருந்த ஒன்பது பெயரில் ஒன்றையும் அவர் படித்ததாகத் தெரியவில்லை. நேரே குழியின் விளிம்பில் வந்து குனிந்தார். தண்ணீர் வடிந்து எழுத்து அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. அவர் சத்தமாகவே படித்தார். பிறகு தலைவரைக் கேட்டார், இந்தப் பெயர் மட்டும் ஏன் இவ்வளவு கீழே என்று.

"மேல எடம் இல்லீங்க" என்றார் தலைவர்.

அதிகாரி மறுபடி குனிந்தார். தலைவரின் பெயருக்கும் சாலமோன் பெயருக்கும் நடுவில் இருந்த கல்லைப் பார்த்தார். மழை கழுவிவிட்ட கல் வெயிலில் பளபளத்தது. ஓர் எழுத்துக்கூட இல்லை அதில். கூட்டமும் அதையே பார்த்தது. ரங்கசாமி தொண்டையைச் செருமினார். காலனிப் பக்கம் நின்ற கிரேஸ் தலைவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தேசப்பன் குழியிலிருந்து கையை நீட்டினான். முழங்கையைத் தலைவர் பெயரின் அடியில் ஊன்றி, சேறு வடியும் விரல் நுனியைக் கீழே நீட்டிக் காட்டினான். நடுவிரல் சாலமோனின் 'சா' மேல் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"எடம் கீது சார்" என்றான். "நல்லா அளந்து பாருங்க. ஒரு முழம்."